நல்ல சேதிக்கு ஒளிந்தவன்

பள்ளிக்கூடத்துப் பெற்றோர் குழுவுக்குச் சகினாலி கொடுக்க வேண்டிய பணம் ஆறாயிரத்து எழுநூற்று ஐம்பது சோம். இது ஊரில் எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் இருக்கக் குழுவின் பொருளாளர் குல்பர்சின் விட்டால்தானே? திங்கட்கிழமை காலையில் கடையைத் திறந்து, அடுப்பில் கரியைப் போட்டு, ஒரு கிண்ணம் தேநீரைக் குடித்த கையோடு வாட்ஸ்அப் குழுவில் வாயைத் திறப்பாள்.

"பெற்றோர்களே, வணக்கம். பள்ளிக்கூடத் தரைக்குப் பெயிண்ட் அடிச்சாச்சு. ஜன்னல் மாத்தியாச்சு. பாக்கி வச்சிருக்கிறவங்க பேரெல்லாம் சொல்றேன், கேட்டுக்கோங்க."

வாராவாரம் பெயர்கள் குறைந்தன. கடைசியில் சகினாலி என்ற ஒரே ஒரு பெயர் நின்றது. அந்த ஒற்றைப் பெயருக்கும் அவள் அதே பீடிகையைப் போட்டு, 'பேரெல்லாம்' என்று இழுத்துத்தான் சொன்னாள்.

அதிலிருந்து பள்ளிக்கூடத் தெருவில் சகினாலி காலெடுத்து வைப்பதில்லை. நிலக்கரிக் கிடங்கில் மூட்டை இறக்கும் வேலை அவனுக்கு. கிடங்குக்குப் போக நேர்வழி பள்ளிக்கூட வாசல் வழியாக, குல்பர்சினின் கடையை ஒட்டி. அதை விட்டுவிட்டு ஆற்றங்கரையோடு சுற்றிக்கொண்டு போனான். நவம்பர் கடைசியில் ஆற்றங்கரை முழுக்கப் பனிக்கட்டி. கரி மூட்டை சுமந்து தேய்ந்த இடுப்பை அந்த வழுக்கலில் தூக்கிக்கொண்டு போவதற்குக் கடனைக் கட்டிவிடலாம். கட்டப் பணம் இருந்தால்தானே?

புருல்சாவுக்கு இது நன்றாகத் தெரியும். ஊரில் யார் எந்தத் தெருவைத் தவிர்க்கிறார்கள் என்று தெரிந்து வைத்திருப்பதே அவள் வேலையில் பாதி. அந்த வேலைக்குப் பெயர் நீளம், சம்பளம் குட்டை. 'குடும்பங்களையும் ஊரையும் பள்ளியோடு இணைக்கும் சமூக ஆசிரியை' என்று கதவில் ஒட்டியிருந்தது. கொதிகலன் அறைக்கு அடுத்த அறை. சுவர் எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். அதனாலேயே காலணி இல்லாத பிள்ளை, மாஸ்கோவுக்குப் போன மகனின் குழந்தைக்குக் காகிதம் கேட்டு வரும் கிழவர், புருஷன் குடியைப் பற்றி அழ வந்த பெண் என்று எல்லோரும் அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ரொட்டிக் கடைக்காரரிடம் மிஞ்சுவது என்ன, மசூதியில் மாவு எப்போது வரும், ஊராட்சியில் யாரைப் பிடித்தால் கரி கிடைக்கும் என்பதெல்லாம் புருல்சாவின் விரல் நுனியில். இங்கே மிஞ்சியதை அங்கே குறைந்ததோடு முடிச்சுப் போடுவாள். மனிதர்களிடம் கேட்க வேண்டியதை மூன்றாவது கிண்ணம் தேநீருக்கு முன்னால் கேட்கவே மாட்டாள்.

சகினாலியின் மகள் ஜிபெக் இரண்டாம் வகுப்பில் படித்தாள். பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பமாட்டாள். கேள்வி கேட்டால் பக்கத்துப் பிள்ளையின் வாயைப் பார்ப்பாள். மக்கு என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஒரு நாள் கரி அள்ளும் இரும்பு வாளி அவளுக்குப் பின்னாலேயே தரையில் விழுந்து உருண்டது. மற்றப் பிள்ளைகள் எல்லாம் அலறித் துள்ளினார்கள். ஜிபெக் மட்டும் படம் வரைந்துகொண்டிருந்தாள். வகுப்பு ஆசிரியையும் புருல்சாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இது மண்டையில இல்ல, காதுல" என்றாள் ஆசிரியை.

ஆனால் அதற்குள் மாவட்டத்திலிருந்து காகிதம் வந்துவிட்டது. தூரத்து நகரத்தில் மக்கு என்று முடிவான பிள்ளைகளுக்கென்று விடுதியோடு ஒரு பள்ளி இருக்கிறது, ஜனவரியில் இடம் காலியாகிறது, அனுப்பி வையுங்கள் என்று. போனால் பிள்ளை வீட்டுக்கு வருவது கோடைக்குத்தான். அம்மா ஏற்கெனவே மாஸ்கோவில் ஒரு சமையற்கூடத்தில் பாத்திரம் கழுவுகிறாள். மகளும் போய்விட்டால் சகினாலியும் ஒரு பசுவும்தான் மிச்சம். காது மருத்துவர் பார்த்து, கருவி மாட்டினால் போதும் என்று எழுதிக் கொடுத்தால் பிள்ளை இங்கேயே இருக்கலாம்.

காது மருத்துவர்களின் பஸ் ஒன்று மாகாணம் முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தது. இந்த ஊர் அதன் வழியில் இல்லை. புருல்சா தொலைபேசியைக் காதிலிருந்து இறக்காமல் ஒரு வாரம் பேசினாள். கெஞ்சினாள், கோபித்தாள், ஆட்டுக்கறி விருந்து போடுகிறேன் என்றாள். கடைசியில் வியாழக்கிழமை ஒரு நாள் நிற்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். ஒரே நிபந்தனை: பெற்றவர் ஒருவர் கூட இருந்து கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் கருவியும் இல்லை, காகிதமும் இல்லை.

சந்தோஷத்தில் புருல்சா கம்பளிச் சால்வையைக்கூடச் சரியாகக் கட்டாமல் சகினாலியின் வீட்டுக்கு ஓடினாள். படலைத் திறக்கும்போதே பழக்க தோஷத்தில் கத்திவிட்டாள்.

"சுயுஞ்சு! சகினாலி, சுயுஞ்சு!"

நல்ல சேதி கொண்டு வருகிறவர்கள் அப்படித்தான் கூவுவார்கள். சேதியைக் கேட்கிறவர் தன் கையில் என்ன இருக்கிறதோ அதைக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால், கொண்டுவந்தவர் கேட்டதைத் தருகிறேன் என்று வாக்காவது கொடுக்க வேண்டும். அப்புறம்தான் சேதி வாயிலிருந்து இறங்கும். சட்டைப் பித்தானையாவது பிய்த்துக் கொடுத்துவிடுவார்கள். வெறுங்கையை யாரும் நீட்டமாட்டார்கள்.

வீட்டில் சத்தமே இல்லை. புகைபோக்கியில் புகை போகிறது. வாசல்படியில் அவன் பூட்ஸ் இரண்டும் நிற்கின்றன. உள்ளே ஆளில்லை. தொழுவத்தில் பசு மட்டும் அசை போட்டுக்கொண்டு நின்றது. மேலே பரணில் வைக்கோல் லேசாகச் சரிந்தது.

புருல்சாவுக்குப் புரிந்துவிட்டது. ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டுப் பசுவுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"என்னம்மா, சௌக்கியமா? கன்னு எப்ப போடப் போற? உங்க முதலாளி எங்க போயிட்டாரு, பூட்ஸை விட்டுட்டு? வெறுங்காலோட பனியில போயிருக்காரே, பாவம்." பசு காதை ஆட்டியது. "சரி, அவரு வந்தா நீயே சொல்லிடு. வியாழக்கிழமை காது டாக்டருங்க பஸ்ஸு பள்ளிக்கூடத்துக்கு வருது. ஜிபெக்குக்குக் காதுல ஒண்ணு மாட்டுனா நல்லாக் கேக்கும், விடுதிக்குப் போக வேண்டாம். அப்பன் வந்து ஒரு கையெழுத்துப் போடணும், அவ்வளவுதான். உனக்குக் கையெழுத்துப் போடத் தெரிஞ்சா நீயே வந்துடு. அப்பன்காரனை எதிர்பார்க்க முடியாது போலிருக்கே."

பரணில் ஒரு தும்மல் வெடித்தது.

"வைக்கோலுக்குச் சளி பிடிச்சிருக்கு" என்றாள் புருல்சா பசுவிடம்.

சகினாலி ஏணி வழியாக இறங்கினான். தலையெல்லாம் வைக்கோல். வெறும் காலுறையோடு சாணத்தின் ஓரமாக ஒதுங்கி நின்றான்.

"அக்கா, மன்னிச்சுக்கோங்க."

"எதுக்குடா ஒளிஞ்ச? பாக்கி கேட்க வந்தேன்னு நினைச்சியா?"

"இல்லக்கா. சுயுஞ்சுன்னு கத்துனீங்க. நல்ல சேதிக்குக் குடுக்க என்கிட்ட என்ன இருக்கு? கிடங்குல கூலி பாக்கி. ஜிபெக் அம்மாவுக்கு மாஸ்கோல வேலை மாறி ரெண்டு மாசமாப் பணம் வரல. இருந்ததுக்கு வைக்கோல் வாங்கிட்டேன். வெறுங்கையோட நல்ல சேதி வாங்குறதுக்கு, வாங்காமலே இருந்துடலாம்னு ஏறிட்டேன்."

புருல்சாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "போகட்டும், எனக்குக் கடனா வச்சுக்கோ."

"ஐயோ, இன்னொரு கடனா!"

"சரி, வேண்டாம். பசு தலையாட்டிடுச்சு, அதுவே எனக்குப் போதும். வியாழக்கிழமை வந்துடு."

அவன் தலையைச் சொறிந்தான். வைக்கோல் உதிர்ந்தது. "அன்னிக்கு டாக்டருங்களுக்கு யாருக்கா தேநீர் ஊத்துறது?"

"குல்பர்சின்தான். அவ சமோவார்தானே ஊருல பெருசு."

"அப்ப நான் வரல. டாக்டருங்க முன்னாடி, 'சர்க்கரை போடவா, பாக்கி போடவா'ன்னு கேப்பா. தரைக்கு நானே பெயிண்ட் அடிக்கிறேன், பாக்கியில கழிச்சுக்கோங்கன்னு சொன்னேன். வெளியூர் ஆளைக் கூட்டிட்டு வந்தாங்க. என் பொண்ணு முன்னாடி அசிங்கப்பட முடியாதுக்கா."

"பொண்ணே இல்லாமப் போயிடுவாடா, மடையா!"

அவன் பசுவின் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றான். கண் மட்டும் சிவந்திருந்தது.

புருல்சா நேரே குல்பர்சின் கடைக்குப் போனாள். குல்பர்சின் கல்லாவில் உட்கார்ந்து தொலைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் கிண்ணத்துக்கு விலைவாசி, இரண்டாவது கிண்ணத்துக்கு மருமகள். கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்து உண்டாகியிருக்கிறாள், நேற்று மாவட்ட ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று, நாள் தள்ளிக்கொண்டே போகிறது. மூன்றாவது கிண்ணத்தில் புருல்சா விஷயத்துக்கு வந்தாள்.

"குல்பர்சின், சகினாலி பாக்கியை விட்டுடேன்."

"விடுறதுக்கு அது என் பணமா? குழுப் பணம், புருல்சா. கடன வாங்கிக் கட்டினவ இருக்கா, கோழிய வித்துக் கட்டினவ இருக்கா. ஒருத்தனுக்கு விட்டேன்னு வை, கட்டின அத்தனை பேரும் என் கடை வாசல்ல வந்து நிப்பாங்க. அவங்களுக்கு நீ பதில் சொல்லுவியா?"

அதில் நியாயம் இருந்தது.

"அப்ப ஒண்ணு பண்ணு. வியாழக்கிழமை அதைப் பத்தி வாயத் திறக்காத."

"நாள் முழுக்கவா?" குல்பர்சின் உண்மையிலேயே பயந்துபோனாள்.

"பஸ்ஸு கிளம்புற வரைக்கும்."

"முயற்சி பண்றேன். சத்தியம்லாம் கேட்காத."

அந்த உறுதியை எடுத்துக்கொண்டு புருல்சா மறுபடி சகினாலியிடம் போனாள். இந்த முறை கூவாமல் போனாள்.

வியாழக்கிழமை பஸ் வந்தது. குல்பர்சினின் சமோவார், அந்தப் பெரிய வெந்நீர்க் கொப்பரை, நடைக்கூடத்தில் கொதித்தது. தாம்பாளத்தில் எண்ணெயில் பொரித்த மாவுத் துண்டுகள் மலைபோல் குவிந்திருந்தன. காது சோதனைக்குக் குளிரில்லாத இடம் வேண்டும் என்று மருத்துவர் அம்மா கேட்டதால் புருல்சாவின் அறையையே கொடுத்துவிட்டார்கள். குல்பர்சினின் தொலைபேசி குளிரில் உயிரை விட்டிருந்தது. அதுவும் அங்கேதான் மூலையில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது.

சகினாலி வரவில்லை. புருல்சா வாசலுக்கும் அறைக்குமாக நடந்தாள். மருத்துவர் அம்மா கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிய நேரத்தில் பின்பக்கம் கரி கொட்டும் கதவு திறந்தது. தொப்பியைக் கண் வரைக்கும் இழுத்துக்கொண்டு சகினாலி மகளைக் கையில் பிடித்தபடி உள்ளே வந்தான். முழங்காலில் பனி அப்பியிருந்தது.

"எங்கப்பா ஆத்துப் பக்கம் ரெண்டு தடவ விழுந்துட்டாரு" என்றாள் ஜிபெக், புருல்சாவின் வாயைப் பார்த்தபடி. "தெரு வழியா வந்தா விழமாட்டாரு. வாங்கன்னா வரமாட்டேங்கிறாரு, அத்தை."

நடைக்கூடத்தைக் கடக்கும்போது சமோவார் பக்கம் குல்பர்சின் உதட்டை உள்ளே மடித்துக்கொண்டு நின்றாள். முகம் சிவந்துவிட்டது. கைக்குக் கிடைத்த கிண்ணத்தை எடுத்து, கேட்காமலே தேநீர் ஊற்றிச் சகினாலியிடம் நீட்டினாள். சர்க்கரை வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை. அவனும் வாங்கிக் குடித்தான். அவ்வளவு இனிப்பில்லாத தேநீரை அவன் அதற்கு முன் குடித்ததில்லை.

சோதனை முடிந்தது. மருத்துவர் அம்மா மொச்சைக்கொட்டை அளவிலான கருவியை ஜிபெக்கின் காதுக்குப் பின்னால் மாட்டி, எதையோ திருகினாள். ஜிபெக் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு மெல்லத் திரும்பிச் சுவரைப் பார்த்தாள்.

"சுவத்துக்குள்ள யாரு?"

யாருக்கும் புரியவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, கொதிகலனின் உறுமலைக் கேட்கிறாள் என்று. அதே சுவரில் எத்தனையோ நாள் முதுகை ஒட்டி உட்கார்ந்திருக்கிறாள்.

"அது... அது கரி எரியுதும்மா" என்றான் சகினாலி அவளுக்குப் பின்னாலிருந்து.

அவள் வெடுக்கென்று திரும்பினாள். அவன் வாயைப் பார்க்காமலே திரும்பினாள். சகினாலி தொப்பியைக் கழற்றி முகத்தில் வைத்துக்கொண்டான்.

சாதாரணப் பள்ளியே போதும், முன்வரிசையில் உட்கார வைக்கவும் என்று மருத்துவர் அம்மா எழுதினாள். மூட்டை தூக்கும் கைக்குப் பேனா சின்னதாக இருந்தது. ஆனாலும் சகினாலி அழுத்தமாகக் கையெழுத்துப் போட்டான். புருல்சா காலிக் கிண்ணங்களை அடுக்கித் தூக்கியபோது அவளுடைய தொலைபேசி மேசையில் அடித்தது. கை இரண்டும் நிறைந்திருந்ததால் ஒரு விரலால் தட்டி ஒலிபெருக்கியில் போட்டாள்.

"புருல்சா!" மருத்துவச்சி ஷாயிரின் குரல். "குல்பர்சின் போன் ஏன் செத்துக் கெடக்கு? மருமகளுக்கு ஆண் குழந்தை பொறந்திருக்கு! ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. போய்ச் சொல்லு!"

எட்டு வருஷம் காத்திருந்து வந்த பேரன். இந்தச் சேதியை முதலில் கொண்டுபோகிறவருக்கு என்ன கிடைக்காது! புருல்சாவின் மனதிலேயே குல்பர்சின் கடையில் தொங்கும் அந்த மென்மயிர்க் காலர் வைத்த கோட்டு ஒரு முறை வந்து போனது. வாசலில் கரி வாளியோடு நின்ற காவல்காரர் ஓஸ்மோன் வாளியை அப்படியே கீழே போட்டார்.

அந்தச் சத்தத்துக்கு ஜிபெக் துள்ளினாள். துள்ளியவள் நாற்காலியில் மறுபடி உட்காரவில்லை. ஓஸ்மோனின் கைக்குக் கீழாகக் குனிந்து வெளியே பாய்ந்தாள்.

"சுயுஞ்சு! சுயுஞ்சு!"

தன் குரலே அவளுக்குப் புதிதாகக் கேட்டிருக்க வேண்டும். நடைக்கூடத்தின் நடுவில் திகைத்து நின்றுவிட்டாள். ஓஸ்மோன் கிழவர் கம்பளி பூட்ஸோடு பின்னாலேயே வந்துகொண்டிருந்தார். பெற்றோர் குழு பணம் வசூலித்துப் பெயிண்ட் அடித்த தரை அது, கண்ணாடி மாதிரி. கிழவருக்குக் கால் ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம் போயிற்று. உட்கார்ந்த வாக்கிலேயே சறுக்கிக்கொண்டு போய்ச் சுவரில் முட்டி நின்றார்.

"நான்தான் முதல்ல கேட்டேன்!" என்று தரையிலிருந்து கத்தினார்.

ஜிபெக் மறுபடி ஓடிப் போய்க் குல்பர்சினின் பாவாடையைப் பிடித்துக்கொண்டாள். "அத்தை, சுயுஞ்சு!"

குல்பர்சின் கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்தாள். என்ன சேதி என்று அவளுக்குத் தெரியாதா? காலையிலிருந்து அதற்குத்தானே உயிரைக் கையில் பிடித்திருக்கிறாள். "கேளுடி தங்கம், என்ன வேணும்? கடையில எது வேணும்னாலும் கேளு. பொம்மையா, சாக்லேட்டா? குடுத்தேன், குடுத்தேன், சொல்லு சீக்கிரம்!"

பின்னால் ஓடி வந்த புருல்சாவும் சகினாலியும் நின்றுவிட்டார்கள். ஜிபெக் யோசித்தாள்.

"எங்கப்பா தெரு வழியா நடக்கணும்" என்றாள். "ஆத்துப் பக்கம் வழுக்குது."

குல்பர்சின் குழந்தையைப் பார்த்தாள். சகினாலியின் நனைந்த முழங்காலைப் பார்த்தாள். காலையிலிருந்து மடித்து வைத்திருந்த உதடு ஒருவழியாகப் பிரிந்தது.

"நடப்பாரு" என்றாள். "நாளையிலேர்ந்து இல்ல, இன்னிக்கே. இப்ப சொல்லு."

"உங்க வீட்டுல பையன் பொறந்திருக்கான்! ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க!"

குல்பர்சின் அங்கேயே பெஞ்சில் சரிந்து உட்கார்ந்து ஓவென்று அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள், ஜிபெக்கின் இரண்டு கன்னத்திலும் மாறி மாறி முத்தமிட்டாள். மருத்துவர் அம்மா, கருவி, கருவி என்று பதறினாள்.

சகினாலி முன்னால் வந்தான். "அக்கா, குழந்தை தெரியாமக் கேட்டுட்டா. அதெல்லாம் வேண்டாம். நான் கொஞ்சம் கொஞ்சமா..."

"நீ வாய மூடு! காலையிலேர்ந்து நான் மூடிட்டு நின்னேன்ல? இப்ப உன் முறை." குல்பர்சின் தலைத்துணி நுனியால் மூக்கைத் துடைத்தாள். "குழுப் பணத்தை விட்டுக்குடுக்க எனக்கு உரிமை இல்ல. விடவும் மாட்டேன். என் பெட்டியிலேர்ந்து எடுத்துக் குழுவுக்குக் கட்டுறதை எவன் தடுப்பான்? இது உனக்குக் குடுக்கல, உன் பொண்ணு சம்பாதிச்ச சுயுஞ்சு. திருப்பித் தர்றேன்னு என் கடைப் பக்கம் வந்தே, படிக்கல்லால அடிப்பேன். சர்க்கரை வாங்கணும்னா வா."

"அப்ப எனக்கு?" என்றார் ஓஸ்மோன், தரையில் இருந்தபடியே.

"உமக்கு விழுந்ததுக்கு ஒரு கிண்ணம் தேநீர். எழுந்து வந்து குடியும்."

புருல்சா அவருக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டாள். மென்மயிர்க் காலர் கோட்டைப் பற்றிய நினைப்பு வந்தது. வந்த வழியே போயிற்று.

பஸ் கிளம்பியதும் சகினாலி மகளோடு முன்வாசல் வழியாகத்தான் இறங்கினான். பழக்கத்தில் அவன் கால் ஆற்றுப் பக்கம் திரும்பியது. ஜிபெக் கையைப் பிடித்து இழுத்தாள். கடைக்கு நேரே வரும்போது அவன் சட்டைப் பையில் தொலைபேசி கிணுகிணுத்தது. பெற்றோர் குழு. வழக்கமாக அதைத் திறக்காமலே அணைப்பவன், இன்று எடுத்து மகளுக்கும் கேட்கும்படி நீட்டினான்.

"பெற்றோர்களே, வணக்கம்" என்றது குல்பர்சினின் குரல், அழுது கரகரத்துப் போய். "எனக்குப் பேரன் பொறந்திருக்கான். ஞாயித்துக்கிழமை எல்லாரும் சாப்பிட வந்துடுங்க. அப்புறம், பாக்கி வச்சிருக்கிறவங்க பேரெல்லாம் சொல்றேன், கேட்டுக்கோங்க." கொஞ்ச நேரம் சமோவாரின் சீறல் மட்டும் கேட்டது. "யாரும் இல்ல. சகினாலி பேருல ஆறாயிரத்து எழுநூற்று ஐம்பது சோமும் வந்து சேர்ந்துடுச்சு."